இரண்டாவது நம்பர்

ஏப்ரல் 28, திங்கள்

இன்று வேலையில் சேர்ந்தேன். திண்டுக்கல் பொன்னழகம்மாள் மகளிர் கல்லூரி, கூடைப்பந்துப் பயிற்சியாளர். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதியது போதும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "நிரந்தர வேலைய விட்டுட்டு ஒரு வருஷக் காண்ட்ராக்டுக்குப் போற ஒரே ஆளு நீதான் குமாரி" என்றார், கடையைத் திறந்துகொண்டே. வீட்டு முன்னறையில்தான் அவருடைய ஜெராக்ஸ் கடை.

மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரை, நடுவில் விரிசல், விரிசலில் அருகம்புல். ஒரு ரிங்கில் வலை இல்லை. இன்னொரு ரிங்குக்குக் கீழே கல்லூரி பஸ் நிற்கிறது. அதன் நிழலில் டிரைவர் மொக்கராசு துண்டை விரித்துப் படுத்திருந்தார். "இது பந்து விளையாடுற எடமா? பஸ் நிப்பாட்டத்தான் போட்டாய்ங்கன்னுல்ல நெனச்சேன்!" என்று எழுந்து உட்கார்ந்தார். முதல் நாளே எனக்கு எரிச்சல்.

தாளாளர் நீட்டி முழக்கவில்லை. "போன வருஷம் டீமே இல்லம்மா. ஜூன் முப்பதுக்குள்ள ஏழு பிள்ளைகளச் சேத்துக் காட்டுங்க. ஒருத்தியாவது பேர் சொல்ற மாதிரி இருக்கணும். இல்லேன்னா தரையப் பேத்துட்டு பஸ் ஷெட்டு போட்டுருவோம். அப்புறம் இன்னொண்ணு, யாரப் பாத்தாலும் ஒரிஜினல கையோட வாங்கிருங்க. வாயால வர்றேன்னு சொல்றதுக்கெல்லாம் மதிப்பே கிடையாது."

அதற்குத்தான் நான் தலையாட்டவில்லை. தொண்ணூற்றொன்பதில் எனக்குப் பதினேழு வயது. ஒரு கல்லூரியில் முதல் நாளே என் டி.சி.யை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். அடுத்த மாதம் ரயில்வேயில் வேலை கொடுத்து விளையாடக் கூப்பிட்டார்கள், ஒரிஜினலோடு வரச் சொல்லி. போய்க் கேட்டால் பி.டி. சார், "நாளைக்கு வாம்மா" என்றார். ஒன்பது நாள் நாளைக்கு வாம்மா. பத்தாவது நாள் தேதி முடிந்துவிட்டது. டி.சி. இல்லாமல் வேறெங்கும் சேர முடியாது என்று தெரிந்துதான் எல்லாரும் அதைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். நான் எந்தப் பிள்ளையிடமும் ஒரிஜினல் கேட்கமாட்டேன். ஜெராக்ஸ் போதும்.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். "என் பொழப்பக் காப்பாத்த ஒருத்தியாவது இருக்காளே!"

மே 3, சனி

தேனியில் சென்னை விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தார்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நாற்பது பேர். அவர்களைச் சுற்றி நாங்கள், ஏழெட்டுக் கல்லூரிக் கோச்சுகள், மாட்டுச் சந்தையில் தரகர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். எனக்கே கூச்சமாக இருந்தது.

அங்கேதான் நாகஜோதியைப் பார்த்தேன். ஐந்தடி பதினோரு அங்குலம். ஆத்தாடி, என்ன கை! பந்தைத் தலைக்கு மேல் பிடித்தால் எவளாலும் தொட முடியவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே உள்ளே வருகிறாள், இடது காலில் திரும்புகிறாள், இடது கையால் போடுகிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லித் தரல டீச்சர். வலது முட்டி வலிக்கும், அதான் இங்கிட்டுத் திரும்பிப் பழகிட்டேன்" என்றாள்.

படிவத்தில் இரண்டு போன் நம்பர் கேட்டிருந்தார்கள். வீட்டில் இருப்பது அம்மாவின் போன் ஒன்றுதான். அம்மா தினமும் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர். அங்கே டவர் கிடைக்காது. பேனாவை வைத்துக்கொண்டு முழித்தாள். "என் நம்பரப் போடும்மா" என்றேன். போட்டாள்.

விடுதியில் எடுத்தால் எடுக்கட்டும், இல்லாவிட்டால் என்னிடம் வா என்று சொல்லிவிட்டு வந்தேன். சென்னைக்காரர்கள் நம் பக்கத்துப் பிள்ளைகளை எங்கே எடுக்கப்போகிறார்கள்?

மே 9, வெள்ளி

நேற்று பிளஸ் டூ முடிவு வந்தது. என் பட்டியலில் உள்ள எட்டுப் பேரும் தேர்ச்சி. காலையிலிருந்து போன் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது. நாகஜோதியின் அம்மா போன் மட்டும் கிடைக்கவில்லை. ஆறு பேர் "கண்டிப்பா வர்றோம் மேடம்" என்றார்கள். சந்தோஷத்தில் ரவா கேசரி கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் சாப்பிட்டோம்.

மே 15, வியாழன்

கரூர். அக்கா தங்கை இருவர், யாமினியும் யாழினியும், நல்ல ஓட்டக்காரிகள். அப்பா பஸ் கம்பெனியில் மெக்கானிக். காபி கொடுத்தார். நான் என் ரயில்வே கதையைச் சொல்லி, ஒரிஜினல் வேண்டாம், ஜெராக்ஸ் கொடுங்கள் என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது.

"ஏனுங்க மேடம், நேத்து வந்தவங்க ஒரிஜினல் குடுத்தாத்தான் ஆச்சுன்னு உட்கார்ந்தே இருந்தாங்க. நீங்க வேண்டாங்கறீங்க. அப்ப எம்புள்ளைங்க உங்களுக்கு வேணுமா, வேண்டாமா?"

கேட்டுப் பிடுங்கினால்தான் மதிப்பு என்று இவர்களே நம்பினால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? பஸ்ஸில் வரும்போது அழுகை வந்தது. இதை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

நத்தம், ஒட்டன்சத்திரம், பழனி. மூன்று வீடும் பூட்டியிருந்தது. இடுப்பு விட்டுப்போச்சு.

மே 24, சனி

போடிக்குப் பக்கத்து ஊர். நாகஜோதியின் வீடு. மாலை ஐந்தரைக்கு ஜீப் வந்தது. அதற்குள் இருந்து பதினாறு பெண்கள் இறங்கினார்கள், எப்படி உட்கார்ந்து வந்தார்களோ! அவள் அம்மா பேச்சியம்மாளின் சேலையெல்லாம் ஏலக்காய் வாசனை. கையைக் கழுவிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, நான் சொன்னது எல்லாவற்றையும் கேட்டார். ரயில்வே கதையையும் கேட்டார்.

"அட நாசமாப் போறவய்ங்க. ஒம்போது நாளு நடக்க விட்டாய்ங்களா உங்கள?" என்று எனக்காகக் கோபப்பட்டார். இத்தனை வருடத்தில் எனக்காக அப்படிக் கோபப்பட்டது அந்த அம்மா ஒருவர்தான்.

கிளம்பும்போது டிரங்குப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிய டி.சி.யை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

"அதுக்கில்ல டீச்சர். மழ பேஞ்சா இந்த வீடு முழுக்க ஒழுகும். போன வருஷம் ரேசன் கார்டு ஊறிப் போச்சு. கேக்குற கைல குடுக்கத்தான் பயம், நீங்கதான் கேக்கவே இல்லையே. பத்திரமா வச்சிருங்க. வேணுங்கறப்ப வாங்கிக்கிறோம்."

வாங்கிக்கொண்டேன். நான் கேட்கவில்லை. இது பத்திரத்துக்காக வாங்கியது.

வீட்டுக்காரர் அதைப் புதுப் பாலித்தீன் உறையில் போட்டு ஓரத்தை ஒட்டிக் கொடுத்தார். பீரோவில், என் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஜூன் 2, திங்கள்

கரூர் அக்கா தங்கை மேற்கே ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார்கள். நத்தத்துப் பிள்ளையும் அங்கேதான். கேட்டால், "அவங்க ஒரிஜினல வாங்கிட்டாங்க மேடம், நாங்க என்ன செய்ய?" என்கிறார்கள். பட்டியலில் இப்போது நாகஜோதியும் இன்னும் மூன்று பேரும்.

தாளாளரிடம் நான்கு என்றேன். "ஒரிஜினல் எத்தன?" என்றார். ஒன்று என்றேன். "அப்ப ஒண்ணுன்னு சொல்லுங்க" என்றார்.

ஜூன் 7, சனி

நாகஜோதி பஸ் பிடித்து வந்திருந்தாள், நான் கூப்பிடாமலே. இருவரும் சுண்ணாம்பைக் கரைத்து மைதானத்துக் கோடுகளைப் போட்டோம். விரிசலில் இருந்த புல்லை உட்கார்ந்து பிடுங்கினாள். மொக்கராசு முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸை எடுத்து ஓரமாக விட்டார். புது வலை மாட்டினோம். அவளுக்கு ஏணி தேவைப்படவில்லை, ஸ்டூலே போதும்.

அப்புறம் இரண்டு மணிநேரம் விளையாடினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்படி ஒருத்தி கையில் கிடைத்தால் போதும், மற்ற ஆறு பேரை எப்படியாவது தேற்றிவிடலாம்.

முட்டியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டாள்: "டீச்சர், மரத்தரையில விளையாண்டா முட்டி வலிக்காதாமே? நெசமா?"

"ஆமா. கொஞ்சம் எழும்பிக் குடுக்கும். சென்னையில இருக்கு."

"ஒரு தடவ ஓடிப் பாக்கணும் டீச்சர்" என்றாள். போகும்போது, சென்னையிலிருந்து அம்மா போனுக்கு எதுவும் வரவில்லை, உங்களுக்கு வந்ததா என்று கேட்டாள். வரவில்லை என்றேன்.

ஜூன் 11, புதன்

தோசைக்கு ஊற வைத்தேன். கிரைண்டர் கல்லில் ஏதோ சத்தம். வீட்டுக்காரர் கழற்றிப் பார்த்தார்.

காலை பத்து மணிக்கு ஒரு போன். சென்னை விடுதி அலுவலகம். "நாகஜோதி வீடுங்களா? முதல் நம்பர் கெடைக்கல, அதான் ரெண்டாவது நம்பருக்குப் பண்றேன். பொண்ணு செலக்ட் ஆயிருக்கு. காலேஜ் சீட்டு, சாப்பாடு, கோச்சிங் எல்லாம் இங்கயே. திங்கக்கெழம, பதினாறாம் தேதி சாயங்காலத்துக்குள்ள ஒரிஜினல் டி.சி.யோட நேர்ல வந்துரணும். தபால்லாம் வராது, இந்த போன்தான்" என்றார்.

சரி என்றேன்.

"யாரு குமாரி?" என்று கடையிலிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

"ராங் நம்பர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது. அந்த அம்மா மலையில் இருப்பார், டவர் கிடைக்காது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 12, வியாழன்

பட்டியலில் இருந்த மூவரில் ஒருத்தி நர்சிங் போகிறாளாம். இருவர்.

நாகஜோதியை யோசித்துப் பார்க்கிறேன். சென்னையில் இவளைப் போல இருபது பேர் இருப்பார்கள். பெஞ்சில் உட்கார வைப்பார்கள். இங்கே என்றால் முதல் நாளிலிருந்தே ஆடலாம். அந்த முட்டிக்குத் தனியாக ஒருவர் பார்க்க வேண்டும், அங்கே யார் பார்ப்பார்கள்? நான் பார்ப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

பதினொரு மணிக்கு பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. நான் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஜூன் 14, சனி

மாலை ஆறரைக்கு பேச்சியம்மாளே கூப்பிட்டார். எங்கள் கல்லூரி விடுதிக்கு என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்டார். பக்கெட், மக், போர்வை, பூட்டு என்று சொன்னேன். நாகஜோதியும் வாங்கிப் பேசினாள். புதுப் பக்கெட் வாங்கியாச்சாம், நீலக் கலர். இருபது நிமிடம் பேசியிருப்போம். மற்றதைச் சொல்ல வாய்க்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மாவு பொங்கி வழிந்துவிட்டது. அலமாரி முழுக்கத் துடைத்தேன். பீரோவையும் துடைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

நான்கு மணிக்கு மறுபடியும் சென்னை. "என்னங்க, பொண்ணு கெளம்பலையா? அஞ்சரை வரைக்கும்தான் பாப்போம். வழியில இருக்காங்கன்னா சொல்லுங்க, நாளைக்குக் காலைல வரைக்கும் நான் பேசி வைக்கிறேன்."

நல்ல மனுஷர். குரலே நல்ல குரல்.

"அவங்க வீட்ல விருப்பமில்லைங்க" என்றேன்.

"அப்படியா? அடடா, நல்லா ஆடுற பொண்ணாச்சே. சரிங்க, அடுத்த பேருக்குக் குடுத்துர்றோம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்றிருந்தார், கையில் யாரோ ஒருவருடைய ஆதார் கார்டு. திரும்பிக் கடைக்குள் போனார். அதற்கப்புறம் இன்று அவர் என்னோடு பேசவில்லை. என்ன கோபமோ தெரியவில்லை. சாதத்தில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

நாகஜோதி வந்துவிட்டாள். நீல பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள், மழைத் தூறலுக்கு. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்லூரி விடுதியில் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தேன். ஏழு பேரும் சேர்ந்த பிறகு மொத்தமாகச் சேர்க்கை போடலாம் என்று தாளாளர் சொல்லியிருக்கிறார். அதுவரை டி.சி. பீரோவிலேயே இருக்கட்டும்.

ஜூன் 23, திங்கள்

இருவரில் ஒருத்திக்கு மதுரையிலேயே இடம் கிடைத்துவிட்டது. மிச்சம் இருந்தவள் ரோஸ்லின், நேற்று அவள் அப்பா வந்து, ஒரே ஒரு ஆளோடு என் பிள்ளை என்னத்த விளையாடும் என்று கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

நாகஜோதி மட்டும். தினமும் காலையில் ஒருத்திக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நான் பந்தைப் போடுகிறேன், அவள் திரும்பிப் போடுகிறாள். எதிரே ஆள் வேண்டுமே என்று நானே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். என் நாற்பத்து மூன்று வயதுக்கு மூச்சு வாங்குகிறது. "டீச்சர், நீங்க உட்காருங்க, நான் பஸ்ஸ வச்சு ஆடிக்கிறேன்" என்று கேலி செய்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

வீட்டுக்காரர் இன்று பேசினார். "அந்தப் பிள்ளகிட்டச் சொல்லிரு குமாரி" என்றார். என்னத்தைச் சொல்ல என்று கேட்டேன். பீரோப் பக்கம் பார்த்தார். பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்துவிட்டது.

ஜூன் 30, திங்கள்

தாளாளர் அறை. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒரு ஆள வச்சு டீமாம்மா?"

ஒரு வருடம் கொடுங்கள், இவளை வைத்து மற்றவர்களை வரவழைக்கிறேன் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. ஆனா முப்பதுன்னா முப்பதுதான்."

நாகஜோதியையாவது விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். "டீமே இல்லாம எந்த ஒதுக்கீடு? வேற குரூப்புலயும் எடம் நெறஞ்சிருச்சு. ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா எங்கயாவது பாத்திருக்கலாம்" என்றார்.

வெளியே வந்து நாலைந்து கல்லூரிகளுக்குப் போன் போட்டேன். எல்லா இடத்திலும் முடிந்துவிட்டது. கடைசியாகச் சென்னை விடுதிக்கும் போட்டேன். அதே நல்ல குரல். "நீங்க வேணாம்னு சொன்ன அன்னைக்கே இன்னொரு பிள்ளைக்குக் குடுத்தாச்சே மேடம்" என்றார்.

நான்தான் அந்தப் பிள்ளையிடம் சொல்லவில்லை. ஒன்பது நாள் நடக்க விட்டவனை இருபத்தாறு வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அவனாவது முகத்துக்கு நேரே நாளைக்கு வா என்றான். அருவருப்பாக இருக்கிறது என்னை நினைத்தால்.

ஜூலை 2, புதன்

மைதானத்தில் இரும்புத் தூண்கள் வந்து இறங்கியிருக்கின்றன. நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல்தான் அடுக்கினார்கள். வலையைக் கழற்றி மொக்கராசு என்னிடம் கொடுத்தார். "வச்சுக்கங்க மேடம், புதுசுல்ல" என்றார்.

பேச்சியம்மாள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளைக் கூட்டிப் போக வந்திருந்தார். நேராக வீட்டுக்கு வரச் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். பீரோவைத் திறந்து, சேலைக்கு அடியிலிருந்து உறையை எடுத்து வந்து கொடுத்தேன். பேச்சியம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி படலயே. ஊர்ல ஒவ்வொருத்தனும் ஒரிஜினல வாங்கி வச்சுக்கிட்டு நடையா நடக்க விடுறாய்ங்க. நீங்க, நாங்க கேக்குறதுக்கு முன்னாடியே எடுத்துக் குடுக்குறீங்க. நீங்க நல்லா இருக்கணும் டீச்சர்."

வீட்டுக்காரர் கடைக்குள் ஜெராக்ஸ் இயந்திரத்தை ஓட விட்டார். எடுக்க எந்தத் தாளும் இல்லை, சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த வருசம் என்கூட ஜீப்புல வரட்டும். களையெடுக்க ஆளு கேக்குறாய்ங்க. கையும் நீளம்" என்று சொல்லிப் பேச்சியம்மாள் சிரித்தார். நாகஜோதியும் சிரித்தாள். பக்கெட்டுக்குள் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தாள்.

"சென்னையில இருந்து கடைசி வரைக்கும் போன் வரல, இல்ல டீச்சர்?" என்றாள்.

சொல்ல வேண்டியதெல்லாம் வாய் வரைக்கும் வந்தது.

"வரலம்மா" என்றேன்.

"நானும் அம்மாகிட்ட அதான் சொன்னேன். வந்திருந்தா டீச்சர் அன்னைக்கே ஓடி வந்து சொல்லியிருப்பாங்கன்னு."

படியில் இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி திரும்பினாள். "அடுத்த வருசமும் செலக்ஷனுக்குப் போவேன் டீச்சர். ரெண்டாவது நம்பருக்கு உங்க நம்பரையே போட்டுக்கிறேன்."

சரிம்மா என்றேன்.